லாப்ராக்ஸ் மகாராசா

உலகம் உண்டான அன்று முதன்முதலில் பெயர் வாங்கியது இந்த மீன்தான். சூரியனும் சந்திரனும் இதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. பண்டைய கிரேக்கத்தில் ‘லாப்ராக்ஸ்’ என்றால் மகாராசா. இது வந்தால் திமிங்கிலமே ஒதுங்கி வழிவிடும்.

இப்படி மஞ்சள் மட்டையில் எழுதி, புலம்பெயர் தமிழர் கூடும் வெக்ஸ்போர்ட் மீன்கடையில், தன் வெட்டுமேசையோரத்து ஐஸ் பெட்டிக்கு மேலே தொங்கவிட்டவர் வினோதன். பழைய பெயரை மட்டும் போனில் தேடி எடுத்தார். பொருளைத் தேடவில்லை, அதுதான் சொந்தமாகவே ஒன்று கைவசம் இருந்ததே.

பிறம்ரன் கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போனபின் கத்தி பிடித்தவர். பதினெட்டு வருடமாகிறது. எந்த வீட்டில் தலையைத் தனியாகக் கேட்பார்கள், யாருடைய பிள்ளை முள்ளைக் கண்டால் அழும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். சனிக்கிழமைகளில் அவர் மேசைக்கு முன்னால் வரிசை கதவுவரை நிற்கும். அதாவது, முன்பு நின்றது. நான்கு மாதத்துக்கு முன் மட்டக்களப்பு ரதி பக்கத்து மேசைக்கு வந்தாள். வரிசை இரண்டாக உடைந்து, நீளமான துண்டு அவள் பக்கம் போய்விட்டது. அதைத் திருப்பி இழுக்கத்தான் மட்டை.

அந்தச் சனிக்கிழமை யோகமலர் அன்ரி, பதினைந்து வருட வாடிக்கை, அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ரதியிடம் போனார். கையில் அதே மகாராசா. வினோதன் கத்தியால் பலகையில் தட்டினார்.

“என்ன அன்ரி அங்காலை? இஞ்சை தாங்கோ, நான் வெட்டுறன்.”

“இருக்கட்டும் வினோதன். இந்தப் பிள்ளை ஒரு செதிலும் விடாமல் எடுக்கிறாள்.”

“அவள் மீனைக் குளிப்பாட்டுறாள் அன்ரி, வெட்டுறது நான்!”

சொல்லிக்கொண்டே ரதியின் மேசையிலிருந்த மீனை எட்டிப் பறித்தார். பதினெட்டு வருடத்தில் முதல்தடவையாக முதுகுமுள்ளைப் பாராமல் பிடித்தார். அது உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது.

“ஐயோ அம்மா!”

பின்னால் நின்ற டிமித்ரா, பக்கத்துச் சலூன்காரி, கிரேக்கத்தி, விழுந்து விழுந்து சிரித்தாள். லாப்ராக்ஸ் என்றால் ராசாவும் இல்லை, மந்திரியும் இல்லை, பேராசைக்காரன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வாயை அகலத் திறந்து, பக்கத்தில் போவதையெல்லாம் பாய்ந்து பறிப்பதால் பழைய ஆட்கள் வைத்த பெயராம்.

வரிசை முழுவதும் மட்டையைப் பார்த்தது. பிறகு வினோதனைப் பார்த்தது.

ரதி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையைக் குழாயடியில் பிடித்துக் கழுவி, பிளாஸ்ரர் ஒட்டினாள். அதுதான் அவருக்குக் கூடுதலாக வலித்தது.

“நீ ஏன் ஆச்சரியப்படேல்லை? உனக்கு முதலே தெரியுமோ?”

“நான் மட்டையை வாசிச்சுக் காட்ட, டிமித்ரா பத்து நாளைக்கு முதலே சொன்னவ, அண்ணன்.”

“பிறகேன் வாயைத் திறக்கேல்லை?”

“நீங்க ஆசையா எழுதித் தொங்கவிட்டீங்க. மறுகா அதை நான் எதுக்குக் கெடுக்க?”

வினோதன் நல்ல கையால் மட்டையைக் கழற்றப் போனார்.

“கிடக்கட்டும் அண்ணன்,” என்றாள் ரதி, மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. “மகாராசா எண்டு நீங்க எழுதினது மீனை இல்லையெண்டும் எனக்குத் தெரியும்.”