பிளானோவில் ஒரு போலீஸ் படிப்பு

அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பார்க்கிங் லாட்டும், அதற்கப்பால் டோல்வே என்னும் சுங்கச் சாலையும் தெரியும். மாலையானால் கார்களின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தமில்லாத வெளிச்சம்தான். எல்லாம் கனவில் நடந்ததோ என்று சில சமயம் எனக்கே குழப்பம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கணவருக்கு ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை. என்னுடையது அவரை ஒட்டிக்கொண்டு வந்த விசா. படிக்கலாம், வேலைக்குப் போகக் கூடாது. என்னைப்போல் வந்த பெண்கள் எல்லாரும் கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தபடி க்ரீன் கார்டுக்குக் காத்திருந்தார்கள். நானும் அதற்குத்தான் போனேன். கவுன்ட்டரில் கொடுத்த புத்தகத்தைப் புரட்டும்போது ‘க்ரிமினல் ஜஸ்டிஸ்’ என்ற பக்கத்தில் நின்றுவிட்டேன். குற்றத்தை எப்படி விசாரிப்பது, சாட்சியிடம் எப்படிப் பேசுவது, சிறைக்குள் என்ன நடக்கிறது... அதற்குமேல் வேறு எந்தப் பக்கமும் என் கண்ணில் படவில்லை.

வீட்டில் சொன்னதும் கணவர் சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இதைப் படிச்சா என்ன சம்பளம் வரும்?”

எங்கள் கூட்டத்தில் எந்தப் படிப்புக்கும் முதல் கேள்வி இதுதான். ஃபீஸை ரூபாயில் மாற்றிப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். போலீஸ் வேலைக்கு சிட்டிசனாக இருக்க வேண்டும் என்று மறுநாள் ஆபீஸில் யாரையோ விசாரித்துக்கொண்டு வந்தார். எங்களுக்கோ க்ரீன் கார்டே எந்த வருடம் என்று தெரியாது.

“மொத்தத்துல ஜீரோம்மா. பேசாம கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு அப்ளை பண்ணு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கம்ப்யூட்டர் படிச்சா மட்டும் நாளைக்கே என்னை வேலைக்கு விட்டுடுவாங்களா? எதைப் படிச்சாலும் எனக்கு ஜீரோதாங்க. அந்த ஜீரோவுக்குப் பிடிச்சதைப் படிச்சுட்டுப் போறேனே!”

அந்தக் கணக்கில் அவரால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு செமஸ்டரும் ஃபீஸ் கட்டும் நேரத்தில் மறுபடி முயன்றுபார்ப்பார், அவ்வளவுதான்.

வகுப்பு மாலையில். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற டிடெக்டிவ். திருட்டையும் கொலையையும் தாலாட்டுவதுபோல் சொல்வார். கேட்கக் கேட்கக் கண் சொக்கும். ரிப்போர்ட் எழுதுவதில் மட்டும் மனுஷர் கறார். நீ நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது என்பார். ‘அவன் கோபமாக இருந்தான்’ என்று எழுதினால் அந்த வரியை சிவப்பு மையால் அடித்துவிடுவார். கை எப்படி இருந்தது, கதவை எப்படிச் சாத்தினான் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது பித்தாகவே பிடித்துக்கொண்டது. இந்தியன் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பவர், லாண்டரி ரூமில் ஒற்றை சாக்ஸோடு யோசித்து நிற்பவர் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் மனசுக்குள் எழுதிக்கொண்டே மிதந்து திரிந்தேன்.

கணவருக்கோ ‘போலீஸ் படிப்பு’ என்று வெளியே சொல்லக் கூச்சம். ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பாட்லக்கில் யாரோ கேட்டதற்கு “லா படிக்கிறா” என்று சொல்லிவைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு அங்கிள் ஸ்பீடிங் டிக்கெட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“எல்லாரும்தாம்மா வேகமாப் போறான். என்னை மட்டும் புடிச்சுட்டான். கேஸ் நிக்குமா?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தயிர்சாதத்தில் ஆழ்ந்துவிட்டார். “டிஃபென்சிவ் டிரைவிங் கிளாஸ் எடுக்க முடியுமான்னு கோர்ட்ல கேளுங்க அங்கிள், அதை முடிச்சா டிக்கெட்டைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க” என்று சொல்லி ஒருவழியாகத் தப்பித்தேன்.

அப்புறம் இரண்டாயிரத்து ஒன்றின் கோடை வந்தது. டெலிகாம் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன. வேலை போனால் விசாவும் போகும். அடுத்த வேலை சீக்கிரம் கிடைக்காவிட்டால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். எனக்குப் பாக்கியிருந்தது ஒரே ஒரு செமஸ்டர். அதற்கு ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். கேட்க வாயே வரவில்லை.

புதன்கிழமை பிற்பகல், ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எங்கள் கார் கீழே நின்றது. அந்த நேரத்தில் அது அங்கே இருக்கக் கூடாது. இறங்கிப் போனேன். எஞ்சின் ஓடவில்லை. அந்த வெயிலிலும் கண்ணாடிகள் மூடியிருந்தன. கணவர் சீட் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்கும் பெல்ட் போட்டிருந்தார். மேலாக, ஆபீஸ் மேஜையில் அவர் வைத்திருந்த குட்டிப் பிள்ளையார் தெரிந்தார்.

பார்த்ததே போதும். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. கதவைத் திறந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பெல்ட் போட்ட மனிதர்மேல் வந்த பாசம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தூரத்தில் டோல்வேயில் கார்கள் போய்க்கொண்டேயிருந்தன.

அவர்தான் முதலில் கேட்டார்.

“ஃபீஸ் கட்டிட்டியா?”

“இல்லைங்க. இப்போ அது எதுக்கு, விடுங்க.”

“கடைசி நாள் என்னிக்கு?”

“வெள்ளிக்கிழமை.”

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்குக் காலைலயே போய்க் கட்டிடு. நான் கணக்குப் போட ஆரம்பிக்கிறதுக்குள்ள.”