தவளை எலி இல்லை

தோட்டத்துத் தொரையே, நீங்கள் சொன்னது பொய். ஓடைக்கரைத் தவளைகள் வேறு இடம் தேடிப் போய்விட்டன என்றீர்கள். இடம் மாறுவது எலி. ஹட்டனில் வாங்கிய பொறியை வைத்து விரட்டினால் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போகும், அங்கே விரட்டினால் திரும்பி வரும். சோப்பையும் தின்னும், ரொட்டி மாவையும் தின்னும். மருந்து வைத்தால் முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போகும்.

எங்கள் மரத்தவளை கட்டைவிரல் நகத்தளவுதான். வெறுந்தோல். தண்ணீரைத் தோலால்தான் குடிக்கும். ஈரத்தில் எது கலந்தாலும் நேரே உள்ளே போகும். ஓடைக்கரை மண்ணில்தான் முட்டையிடும். அதை விட்டு எங்கே போகும்?

என் மனைவி மூன்று வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அதற்கு முன் இங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவள். செடிக்குள் தவளையைக் கண்டால் இலையோடு தூக்கி, பறித்து முடித்த செடியில் வைத்துவிட்டுத்தான் மறுபடி கையை நீட்டுவாள். எங்கள் மலைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். கொழுந்தோடு கூடைக்குள் விழுந்தால் அது பிழைக்காது.

வெள்ளிக்கிழமை மாலையில் போன் எடுப்பாள். "வாசலுக்குப் போங்க, தவள கத்துறத கேக்கணும்" என்பாள். நான் போனை வெளியே நீட்டி நிற்பேன். இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல் சரிவு முழுக்கக் கேட்கும். அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் வரும்.

போன மழைக்காலத்தில் புல்லைக் கொல்ல மருந்தடித்தது நான். மருந்து டேங்கை மேலே குழாயடியில் கழுவுவதுதான் வழக்கம். நேரம் போகிறது, ஓடையிலேயே கழுவு என்றீர்கள். மேடு ஏறுவது மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம்தான். கழுவியது என் கை, மறைக்கவில்லை. அதற்குப் பிறகு சத்தம் வாரத்துக்கு வாரம் குறைந்தது.

போன வெள்ளிக்கிழமை வாசலில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்தால் கூரையில் தடதடவென்று ஓடியது.

"என்னங்க அது?"

"எலி புள்ள."

"எலி இங்கயுந்தான் இருக்கு. தவளய காட்டுங்க."

"குளிருக்கு அடங்கிக் கெடக்குதுக."

"எனக்கே குளிருன்னு கத விடுறீங்களா? அது குளிருலதானே கத்தும்." "சரி, அடுத்த வாரம் கேக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் நான் எதை நீட்டுவது? என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டாம். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கும்போது சொல்லுங்கள். டேங்கை ஓடையில் கழுவச் சொன்னது யார்?