டொக்டர் கேட்டதும் நான் சொன்னதும்

நனைந்த குடை, லைசோல், ரப்பர் பால்... இந்த மூன்று வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.

எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. அதனால் எங்கள் ஆட்கள் காய்ச்சல், இருமல், வயிற்றுவலி எல்லாவற்றையும் மழை நாளுக்கென்று தள்ளிவைத்திருப்பார்கள். விடியக்காலையில் கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டதும், மருந்துத் தண்ணி வாங்கக் காலிப் போத்தலைக் கழுவத் தொடங்கிவிடும் சனம். வெயில் நாளில் நோய் வருத்தம் வந்தவன் பாவம்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா இறந்து பல வருஷம், வீட்டில் அம்மாவும் நானும்தான். பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை. கடையில் நின்று நின்று சிங்களம் நன்றாக வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யாருக்காவது போக வேண்டுமென்றால், "நம்ம தொரைய கூட்டிக்கிட்டு போங்க" என்று என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். கூட்டிக்கொண்டும் போவார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஒரு மழை நாளில் அம்மா சொன்னாள், "தம்பி, கொஞ்ச நாளா அடிவயிறு வலிக்குது. டொக்டர்கிட்ட காட்டுவோமா?"

வரிசையில் மூன்று மணித்தியாலம். டொக்டர் அறைக்குக் கதவு உண்டு, ஆனால் சாத்த மாட்டார்கள். நேரம் மிச்சம் என்று அடுத்த நாலு பேரையும் உள்ளேயே நிற்கவைப்பார்கள். அன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருத்தி எங்கள் கடை வாடிக்கைக்காரி.

டொக்டர் நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எத்தனை நாளாக வலி, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பிறகு நிமிர்ந்து பார்த்து, "லே யனவத?" என்றார்.

மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தம் ஏதாவது போகிறதா என்று கேட்கிறார்.

எனக்குக் காது சுட்டது. பெற்ற தாயிடம் இதை எப்படிக் கேட்பது? அதுவும் பின்னால் அந்த வாடிக்கைக்காரி வேறு... அம்மா பக்கம் நான் திரும்பவே இல்லை.

"நே டொக்டர்," என்றேன். இல்லை என்று.

"என்னாப்பா கேக்குறாரு?"

"சாப்பாடு எப்படின்னு கேக்குறாரும்மா."

"நல்லா சாப்புடுறேன்னு சொல்லு. பாவம், ஐயாவுக்கு நேரமாகுதுல்ல."

டொக்டர் மருந்துத் துண்டில் எழுதினார். ஒரு போத்தல் மருந்துத் தண்ணி, பேப்பரில் சுற்றிய வெள்ளைக் குளிசை. வெளியே வரும்போது ஒரு மிஸி, அதாவது தாதி, அம்மாவின் தோளைத் தொட்டுச் சிங்களத்தில் ஏதோ ஆதரவாகச் சொன்னார். அம்மா சிரித்துத் தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகும் இரண்டு மழை நாள் போனோம். அதே வலி, அதே மருந்து. டொக்டர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. முதல் நாளே இல்லை என்று எழுதிவிட்டார் போல.

ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, கடை வாசலுக்கே வந்து என்னை வெளியே கூப்பிட்டாள்.

"அக்காவுக்கு தீட்டு நின்னு ஆறு வருசம் ஆச்சு. இப்ப ஒரு வருசமா திரும்பவும் போகுது. பீலித் தண்ணியில துணி தொவைக்கிறப்பதான் நான் பாத்தேன். டொக்டர்கிட்ட சொன்னீங்களாடா?"

நான் கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஒங்கிட்ட அது எப்படிடா சொல்லும்... ஆம்பளப் புள்ளகிட்ட."

கொழும்புக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையில் கேன்சர். பரவிவிட்டது. ஏன் இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அங்கிருந்த டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அதையும் நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவர். அவரிடம் எங்கம்மா ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எம்மவன் கூட இருக்கிற வரைக்கும் எனக்கு பயமில்லைங்க. டொக்டருங்க கேக்குறதுக்கெல்லாம் அவனே பதில் சொல்லிப்புடுவான்."

நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு போவேன்... சொல்லாமலே திரும்பி வருவேன். மூன்றாவது மாதம் அம்மா போய்விட்டாள். முன்னமே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டொக்டர்மாரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

இப்போது அதே ஆஸ்பத்திரிக்கு பிரஷர் கிளினிக்குக்குப் போய்வருகிறேன். மாடிக் கட்டடம், மூன்று மொழியில் போர்ட், உட்கார வரிசையாகக் கதிரை. போன வாரம் ஒரு பையன், இருபது இருபத்தைந்து வயதிருக்கும், தன் தாயைக் கூட்டிவந்து மடமடவென்று சிங்களத்தில் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கினான். அங்கிருந்த மிஸி தமிழிலேயே சொன்னார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அம்மா சொல்லட்டும்."

"இல்லைங்க மிஸி, அம்மாவுக்கு பேசத் தெரியாதுங்க..."

"எங்கிட்ட பேசுவாங்க," என்று திரையை இழுத்துவிட்டார்.

அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உள்ளே அந்தத் தாய் மெல்லப் பேசத் தொடங்கினார். முதலில் ஒரு சொல், ரெண்டு சொல்... பிறகு நிறுத்தவே இல்லை.

"வீட்டுல இப்படி பேசவே பேசாதுங்க," என்றான் என்னிடம்.

"கேட்டா பேசுவாங்க தம்பி," என்றேன்.

எங்கம்மாவும் பேசியிருப்பாள். வெட்கப்பட்டிருப்பாள், தலையைக் குனிந்திருப்பாள், ஆனால் சொல்லியிருப்பாள். டொக்டர் கேட்கத்தான் செய்தார்... நான்தான் அவளிடம் கேட்கவில்லை.