கெங்கம்மாள் நிறுத்திய பிரஸ்

பெரிய முதலாளி கெட்டவன், சின்ன முதலாளி நல்லவன் என்று எவனாவது மேடையில் பேசினால் எனக்கு வயிறு எரிகிறது. பேசுகிறவனை மேனாம்பேட்டில் சம்பத் என்கிற சின்ன முதலாளியின் ஷெட்டுக்குள் ஒரு ஷிப்ட் நிற்க வைத்திருக்க வேண்டும். நான் அங்கே வருஷக்கணக்கில் நின்றவள். என் பெயர் நாகவல்லி. ஆனால் இது என் கதை இல்லை. எனக்கு அடுத்த மிஷினில் நின்ற கெங்கம்மாளின் கதை.

கெங்கம்மாளின் அம்மா, சம்பத்தின் அப்பா நிலத்தில் நாற்று நட்டவள். எண்பதுகளில் அந்த நிலத்தில் பாதி பிளாட்டாகப் போயிற்று. மீதியில் சம்பத் தகரக் கூரை போட்டு அஞ்சாறு பவர் பிரஸ்ஸை இறக்கினான். அம்மா சேற்றில் நின்ற இடத்தில் மகள் சிமெண்டுத் தரையில் நின்றாள், அவ்வளவுதான் முன்னேற்றம். வேலை சுலபம். மேலும் கீழும் டை என்கிற இரும்பு அச்சு, நடுவில் தகடு. பெடலை மிதித்தால் மேல் டை இறங்கி ஒரே குத்தில் பீஸ் விழும். கையை எடுக்கத் தாமதித்தால் விரலும் விழும். கெங்கம்மாளின் வலது ஆள்காட்டி விரலில் பாதி அப்படித்தான் போயிற்று. சம்பத் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு, வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். "யாருனா கேட்டா சைக்கிள் செயின்ல மாட்டிகினேன்னு சொல்லும்மா" என்றான். ஈ.எஸ்.ஐ. கிடையாது, நாங்கள் அங்கே வேலை செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஆனால் பொங்கலுக்குப் புடவை உண்டு. அந்தப் புடவையைப் பார்த்துத்தான் ஊரே அவனைத் தர்மவான் என்றது.

அவள் புருஷன் துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தான். டையை மிஷினில் ஏற்றிப் பொருத்துகிற வேலை. எங்கள் வட்டாரத்தில் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பெரிய கம்பெனி என்றால் அதுதான். அங்கே கேன்டீன் உண்டு, பூட்ஸ் உண்டு, சங்கம் உண்டு. அதே தகடு, அதே குத்து. அந்தச் சுவருக்குள் அடித்தால் தொழிலாளி, எங்கள் ஷெட்டில் அடித்தால் நாதியற்றவள். விரல் போகிற வேலையை எல்லாம் சம்பத் மாதிரி ஆட்களிடம் தள்ளிவிட்டு, பெரிய கம்பெனி தன் வாசலில் விபத்தே நடக்காத ஆலை என்று போர்டு மாட்டியிருந்தது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காறித் துப்பத் தோன்றும். கெங்கம்மாளின் விரல் எந்தக் கணக்கில் போயிற்றாம்?

தொண்ணூற்றிரண்டில் பொங்கல் கழிந்த கையோடு பெரிய கம்பெனியில் வேலைநிறுத்தம். தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கு, எங்கள் வேலையை வெளியே கொடுக்காதே என்று சங்கம் கேட்டது. கம்பெனி கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டது. துலுக்கானம் கேட்டுக்கு எதிரே போட்ட பந்தலில் போய் உட்கார்ந்தான். அவன் வீட்டு அடுப்பு கெங்கம்மாளின் கூலியில் எரிந்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை, எங்கள் ஷெட்டில் புதிதாக ஒரு டை ஏறியிருந்தது. பெங்களூர் ஆர்டர், அவசரம் என்றான் சம்பத். டையின் பக்கவாட்டில் பெயர் இருந்த இடத்தை யாரோ கிரைண்டர் வைத்துத் தேய்த்திருந்தார்கள், அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. கெங்கம்மாள் ஒரு கூடை பீஸ் அடித்திருப்பாள். எண்ணெய் போடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டையைத் தூக்கச் சங்கிலி மாட்டும் ஓட்டையில், எண்ணெயில் கறுத்துப்போன நீல ரிப்பன் ஒன்று ஒரு மஞ்சள் கிழங்கோடு கட்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு மட்டும்தான் பெரிய கம்பெனி குடும்பத்தை உள்ளே விடும். பெண்டாட்டி பிள்ளைகள் போய் அவனவன் மிஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி வாங்கிக்கொண்டு வருவார்கள். போன பூஜைக்குக் கெங்கம்மாளும் போயிருந்தாள். துலுக்கானம் தன் டையைக் காட்டி, நீயே மஞ்சள் கட்டு என்றிருக்கிறான். கயிறு பத்தவில்லை. மகளின் தலையிலிருந்து பள்ளிக்கூட ரிப்பனை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தாள். வேலைநிறுத்தத்தை உடைக்க அந்த டையைக் கம்பெனியிலிருந்து திருட்டுத்தனமாக வெளியே கடத்தியவன் பெயரை அழித்தான், நம்பரை அழித்தான். பூஜை மஞ்சளை அறுக்க மட்டும் அவனுக்குக் கை வரவில்லை. தொழிலாளி வயிற்றில் அடிக்கப் பயமில்லை, சாமிக்குப் பயம்.

கெங்கம்மாள் மோட்டாரை நிறுத்தினாள்.

"மொதலாளி, இது எங்க ஊட்டுக்காரர் டை."

சம்பத்தின் முகம் செத்துப்போயிற்று. "உனுக்கு இன்னாத்துக்கும்மா அது? பீஸை அடி, கூலிய வாங்கினு போ."

"அவரு பந்தல்ல குந்தினு கீறாரு. அவரு வேலைய நான் இங்க அடிச்சா, அந்தப் பந்தல் இன்னாத்துக்கு?"

அவன் கெஞ்ச ஆரம்பித்தான். "இத எடுக்கலன்னா இனிமே ஒரு ஆர்டரும் கிடையாதுன்னு கம்பெனில சொல்லிட்டானுங்க. பேங்க்காரன் மிஷினத் தூக்கினு பூடுவான். நானும் உங்கள மாரிதாம்மா. என் கழுத்துலயும் கத்தி கீது."

அது பொய்யில்லை. கத்தி இருந்தது. ஆனால் அவன் அந்தக் கத்தியை அப்படியே எங்கள் கழுத்துக்கு மாற்றி வைத்தான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? பெரியவனுக்குச் சின்னவன் கையுறை. ரத்தம் கையுறையில் படும், உள்ளே இருக்கிற கை சுத்தமாக இருக்கும்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "யோசிச்சுக்கோடி. இத நிறுத்தினா ஒங்க ஊட்ல உலை கொதிக்காது. எங்க ஊட்லயும்தான்" என்றேன்.

"அடிச்சா மட்டும்? அவரு பொழப்ப நானே குத்திக் கெடுத்து, அந்தக் காசுல அவருக்கே சோறு போடறதா?"

நான் என் மிஷினுக்குத் திரும்பினேன். என் மோட்டாரையும் நிறுத்தினேன். ஒவ்வொருத்தியாக எல்லாரும் நிறுத்தினார்கள். ஷெட் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வெயிலில் நடந்து எஸ்டேட் பந்தலுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் துலுக்கானம் அத்தனை பேர் முன்னால் முதலில் கேட்டது இதுதான்: "நீயா அடிச்ச?"

"ஒரு கூடை அடிச்சேன். தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். இன்னாத்துக்கு மொறைக்கிற? இத்தினி நாளு நீ துன்ன சோறு அந்த ஷெட்டுச் சோறுதான்."

சங்கச் செயலாளர் கஜபதி ஆட்களோடு போய் ஷெட்டை வளைத்தார். டை பிடிபட்டது. பேச்சுவார்த்தையில் வாயே திறக்காத கம்பெனி, லேபர் ஆபீசில் சாட்சியாக வைத்த அந்த மஞ்சள் கிழங்கைப் பார்த்ததும் இறங்கி வந்தது. இனி வேலையை வெளியே கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். கேட்டில் பட்டாசு வெடித்தார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள். துலுக்கானம் வேலைக்குப் போனான்.

எங்கள் கதையைக் கேளுங்கள். அந்த மாதமே பெரிய கம்பெனி சம்பத்துக்கு ஆர்டரை நிறுத்தியது. சம்பத் ஒன்றும் செத்துப்போகவில்லை. மிஷினை விற்றுக் கடனை அடைத்து, ஷெட்டை குடோனாக வாடகைக்கு விட்டான். யாருக்கு? அதே பெரிய கம்பெனிக்கு. நிலம் இருக்கிறவன் எப்படி விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவான். நாங்கள் தெருவில் நின்றோம்.

கெங்கம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போனாள். "எங்களுக்கும் ஒரு வார்த்த பேசுங்க, எங்கனா வேல கொடுக்கச் சொல்லுங்க" என்றாள். கஜபதி எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க நம்ம சங்கத்துல மெம்பர் இல்லியேம்மா. ஒப்பந்தத்துல இன்னா சொல்லிப் பேசறது?" என்றார். துலுக்கானம் பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனிக்காரன் மேல் வந்த ஆத்திரத்தைவிட அன்றைக்கு அந்த டீயின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் பெரிது. நான் குடிக்கவில்லை.

அலைந்து அலைந்து அத்திப்பட்டில் வேறொரு ஷெட்டில் சேர்ந்தோம். அதே தகடு, அதே பெடல், வேறொரு சம்பத். அஞ்சு வருஷம் ஓடியது. தொண்ணூற்றேழில் பெரிய கம்பெனி தன் பிரஸ் பிரிவையே மூடியது. வேலை முழுவதையும் வெளியே எங்களை மாதிரி ஷெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. துலுக்கானம், கஜபதி எல்லாரும் ரோட்டுக்கு வந்தார்கள். மறுபடி பந்தல்.

ஒரு மதியம் நாங்கள் ஷெட் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கஜபதி வந்தார். பின்னால் துலுக்கானம்.

"கெங்கம்மா, எஸ்டேட்ட சுத்தி கீற அல்லா ஷெட்டும் ஒரே நேரத்துல நின்னாதான் அவன் வழிக்கு வருவான். நீ சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க" என்றார் கஜபதி.

நானாக இருந்தால் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து விட்டெறிந்திருப்பேன். கெங்கம்மாள் கை கழுவிவிட்டு வந்தாள்.

"நிறுத்தறேன். மொதல்ல எங்க அல்லாரையும் சங்கத்துல சேத்துக்கோ. அன்னிக்கு கேட்டு தொறந்ததும் நீங்க உள்ள பூந்துட்டீங்க, நாங்க வெளிய நின்னத ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. இந்தத் தபா கேட்டு தொறந்தா, கடைசி பொம்பள உள்ள போற வரைக்கும் நீயும் எங்க ஊட்டுக்காரரும் வெளியதான் நிக்கணும்."