டிரெசர் கிளாரன்ஸின் எண்ணெய் மருந்து

என் அண்ணன் கிளாரன்ஸ் யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைக் காட்டச் சொல்வார். கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்து, ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்த பிறகுதான் நலம் விசாரிப்பார். கல்யாண வீட்டிலும் இதே கதை. "பொண்ணு பாக்க வந்தீங்களா, மாடு பாக்க வந்தீங்களாண்ணே?" என்று ஒருமுறை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அகத்தா என்று பெயர் வைத்ததற்கு ஆகாத வாய் என்று வைத்திருக்கலாம் என்பார் அண்ணன்.

திகாம் பத்துவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் அவர் டிரெசர். டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் எல்லாம் அண்ணன் கையில்தான். தோட்டத்தில் யாரும் தானாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட மாட்டார்கள். டிரெசர் கடிதம் எழுத வேண்டும். அது இருந்தால்தான் லாரி வரும், லீவு கிடைக்கும். அண்ணன் அதில் தாராளம். பால் மரம் சீவும் பாப்பம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது, "இது என் கையில அடங்காது, தாயி" என்று அங்கேயே எழுதி லாரியில் ஏற்றிவிட்டார். குடல்வால் வெடிக்க இருந்ததாம். டிரெசர் போட்ட உயிர்ப்பிச்சை என்று பாப்பம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு ஒரே ஒரு கிறுக்கு, சத்து மருந்தைத் தானே செய்வது. செர்டாங்கில் செம்பனை ஆலையில் வேலை செய்த முருகையா, சுத்தம் செய்யாத சிவப்பு எண்ணெயை டின்னில் கொண்டுவந்து தருவார். அதில் உலர்த்திப் பொடித்த முருங்கைக்கீரையைக் கலந்து, மாலைக்கண் வந்த தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி கொடுப்பார். பிள்ளைகளுக்குப் பார்வை தெளிந்தது. உள்ளங்கை மட்டும் மஞ்சள் பூத்தது. தாய்மார் பதறினால், "சத்து ஏறுதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க" என்பார். அது உண்மையும்தான். ஒரு பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

1978இல் அண்ணி ஜோசபின் இளைக்க ஆரம்பித்தார். நான் சுங்கைப் பட்டாணியில் தையல் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மோட்டார் சைக்கிளில் மாதா கோயில் பூசைக்கு வருவார்கள், பூசை முடிந்து என் வீட்டில் சாப்பாடு. அந்த வருஷம் அண்ணியின் ஒரே ரவிக்கையை மூன்று தடவை பிடித்துத் தைத்தேன். "சாப்பிடறது உடம்புல ஒட்ட மாட்டேங்குது, அகத்தா" என்றார் அண்ணி. அண்ணன் எண்ணெய் மருந்து கொடுத்தார். அது அப்படியே வெளியே போகிறது என்று அண்ணி கூச்சத்தோடு சொன்னார். அண்ணனுக்கு அது மருந்தின் குறையாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிறு அவர் ஒரு போத்தலோடு வந்தார். உள்ளே பாகு மாதிரி பழுப்பாக ஏதோ இருந்தது. ரொட்டிச் சாமான் விற்கும் சீனர் கடையில் வாங்கினாராம். "லெசித்தின். சோயாவுலேருந்து எடுக்கிறது" என்று சொல்லிக்கொண்டே என் அடுப்படியில் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து, இரண்டிலும் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றினார். ஒன்றில் மட்டும் அந்தப் பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைந்தார். சும்மா விட்ட குவளையில் எண்ணெய் மேலே ஏறி நின்றது. மற்றது மஞ்சள் பாலாகிவிட்டது. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகும் அது பிரியவில்லை.

"பாத்தியா? எண்ணெயும் தண்ணியும் ஒண்ணாயிருச்சு. இனி உடம்பு எப்படி இதத் தள்ளும்?" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ரொட்டி மாவுல போடறத அண்ணிக்குப் போடப் போறீங்களா? ஊருக்கெல்லாம் கடிதம் எழுதறீங்க. அண்ணிக்கு ஒண்ணு எழுதுங்கண்ணே" என்றேன்.

அவருக்கு முகம் கறுத்தது. "நீ துணி தைக்கிறவ. துணிய மட்டும் பாரு லா."

அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. சரி, அவர் பெண்டாட்டி, அவர் மருந்து, இனி நான் ஏன் வாய் கொடுக்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம், சாப்பாட்டு மேசையில் அண்ணியின் கையைத் திருப்பிக் காட்டினார் அண்ணன். உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. "ஏறுது பாத்தியா?" என்றார். அண்ணி சிரித்தார். வயிறு வலிக்கிறது என்று இஞ்சித் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, அந்த மருந்தையும் ஒரு கரண்டி விழுங்கினார். கசக்கிறது என்றுகூட ஒரு நாளும் சொன்னதில்லை அந்த மனுஷி.

அதற்கு அடுத்த வாரம் பூசை முடிந்து வெளியே வந்து, அண்ணி வெயிலில் நின்று முக்காட்டை எடுத்தார். நான் பார்த்தேன். கண்ணின் வெள்ளை, பெட்டியில் கிடந்து பழுத்த துணி மாதிரி மஞ்சளித்திருந்தது. மாலைக்கண் பிள்ளைகளின் கையில்தான் மஞ்சளைப் பார்த்திருக்கிறேன், கண்ணில் பார்த்ததில்லை. வாயைத் திறந்தேன். அண்ணன் பக்கத்தில் மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தார். துணிய மட்டும் பாரு என்றது காதில் ஒலித்தது. மூடிக்கொண்டேன்.

டிரெசருக்குத் தெரியாததா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. அவரே கண்டுபிடித்து என் முன்னால் தலைகுனியட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஊரார் கண்ணையெல்லாம் இழுத்துப் பார்த்தவர் சொந்தப் பெண்டாட்டியின் கண்ணை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். கை ஏன் மஞ்சள் என்பது அவருக்குத் தெரியும் அல்லவா? தெரிந்த விஷயத்தை யார் சோதிப்பார்கள்? ஒன்பது ஞாயிறு அண்ணி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒன்பது ஞாயிறும் நான் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், பேசவில்லை.

பிறகு அண்ணியைக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. ஆள் வந்து சொல்லி, நான் தோட்டத்துக்கு ஓடினேன். லாரி வாசலில் நின்றது. அண்ணி பாயில் சுருண்டு கிடந்தார். அண்ணன் கார்பன் வைத்த கடிதப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு மஞ்சளா இருக்கு, அகத்தா. மூணு நாளைக்கு முன்னதான் பாத்தேன். எத்தன நாளுன்னு எழுதணும். நீ முன்ன ஏதும் பாத்தியா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு சொல்வது?

"இல்லண்ணே."

அவர் எழுதினார்.

பித்தக் குழாயில் கல் அடைத்து, சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பித்தம் இறங்காத வயிற்றில் எண்ணெய் எப்படிச் சேரும், எதைக் கலந்து கொடுத்தால்தான் என்ன? கையில் ஏறியதும் சத்து இல்லை, காமாலை. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் கல்லை எடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். நான்காம் நாள் அண்ணி போய்விட்டார்.

அண்ணன் அதற்குப் பிறகும் எட்டு வருஷம் டிரெசர் வேலை பார்த்தார். எண்ணெய் டின்னை முருகையாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். சளி பிடித்தவனுக்கும் கடிதம் எழுதினார். லாரி ஓட்டும் பழனியாண்டி, "டிரெசர், இது வெறும் சளிதான் லா" என்று முனகினால், "எழுதிட்டேன், கொண்டு போ" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வருவார். பாதிச் சாப்பாட்டில் கை நிற்கும். "வாரா வாரம் இங்கதான சாப்பிட்டா. ஒருத்தர்கூட பாக்கலையே, அகத்தா. நான்தான் குருடன், உனக்குக்கூட தெரியலையே."

"ஆமாண்ணே" என்பேன். எட்டு வருஷம் அதையே சொன்னேன்.

போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கொடுத்தார். கொடுக்க வேண்டியவர் அவர் இல்லையே. அண்ணனின் பெட்டியை ஒழிக்கும்போது அந்தக் கார்பன் புத்தகம் கிடைத்தது. அண்ணி பெயர், வயது, காய்ச்சல், எல்லாம் அண்ணனின் முத்து முத்தான எழுத்தில் இருக்கிறது. கண் மஞ்சள் என்பதற்கு நேரே மூன்று நாள் என்று எழுதியிருக்கிறார். ஒன்பது வாரம் என்று நான் சொல்லியிருந்தால், நான் செத்தாலும் முகத்தில் விழிக்காதே என்று திட்டியிருப்பார். திட்டியிருக்கட்டும், பழி என் மேல் வந்திருக்கும். குருடன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டே சாகாமலாவது இருந்திருப்பார்.