தலையாட்டி

என்னைவிடப் பெரிய விசரன் குடாநாட்டில் இருந்தால் காட்டுங்கள். போன கிழமை மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் முற்றலோ என்று கேட்டேன். வியாபாரி நேர்மையான மனுசன், ஓமென்று சொல்லாமல் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஐம்பது தாண்டிய நான் பையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கி, பக்கத்துக் கடை வாழைக்குலையின் மேல் குந்திவிட்டேன். நசிந்த பழத்துக்கு ஏச்சு வேறு.

குற்றம் கத்தரிக்காயில் இல்லை. நான் சின்னவனாக இருந்தபோது 'ஆமி' என்ற இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தால், ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விடுவார்கள். ஜீப்புக்குள், கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட சாக்கால் தலையை மூடிக்கொண்டு ஒருவர் இருப்பார். அவர் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாரோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவருக்கு ஊர் வைத்த பெயர் 'தலையாட்டி'. நாங்களும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் மணக்கும் சாக்கொன்றைப் போட்டுக்கொண்டு அதையே விளையாடினோம். என் முறை வரும்போதெல்லாம் எனக்கு மாங்காய் தராதவர்களைப் பார்த்தே தலையாட்டினேன். யுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் கதைத்ததில் எனக்கு விளங்கியது இது ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் உண்மையான சாக்கு எங்கள் அண்ணையைப் பார்த்து ஆடியது. எந்த இயக்கத்துக்கும் போகாத அண்ணை அந்த மாதம் செய்த ஒரே யுத்தம் பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணையோடு. வேலிக்கு நட்ட 'கதியால்' கம்பு ஒரு முழம் எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டதென்று இருவரும் கத்தி தூக்கியிருந்தார்கள். அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சாக்குக்குள்ளை இருந்தது உவன் சிவம்தான். தோளைப் பாத்தனான்." அண்ணை ஒரு காது கேளாமல் திரும்பி வந்தார். பிறகு சிவம் அண்ணை வீட்டில் நடந்த செத்தவீட்டுக்குக்கூட அம்மா போகவில்லை. நாங்களும் அவர்களோடு கதைப்பதை விட்டோம்.

இப்போது சுற்றிவளைப்பு இல்லை, சாக்கு இல்லை, கதியால் நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. மதில் கட்டியபோது நானும் சிவம் அண்ணையும் ஒரு வார்த்தை கதைக்காமலே, அளவுக் கயிற்றை ஆளுக்காள் இழுத்துச் சண்டை பிடித்தோம். போன மாதம் முகத்தைத் துணியால் கட்டிய பெடியள் மோட்டார் சைக்கிளில் வந்து அவருடைய கேற்றை வாளால் கொத்திவிட்டுப் போனார்கள். அதில் ஒருவனின் நடை என் மகனுடையது என்று அவர் பொலிசில் சொல்லப்போவதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். மகன் அன்று வீட்டில்தான் இருந்தான். இருந்தான் என்றுதான் நினைக்கிறேன்; அறைக் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை.

இன்று காலை, நாற்பது வருடத்துக்குப் பிறகு, அவருடைய வீட்டு வளவுக்குள் கால் வைத்தேன். தொடங்குவதற்குச் சிரிக்க ஒரு பகிடி தேடினேன், வரவில்லை.

"அண்ணை, அது என்ரை பெடியன் இல்லை. மூடிக்கட்டின ஆளை நடையை வைச்சு ஆரெண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

கொத்து விழுந்த தகரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த சிவம் அண்ணை நிமிரவில்லை.

"இதைத்தான் நான் அண்டைக்குக் கொம்மாவிட்டைச் சொன்னனான்."