கம்பி வரிசை

கடைக்காரருக்குக் கை நிதானம்; வாய்தான் அவசரம். பழைய கிட்டார், பழைய கீபோர்டு, தோல் கிழிந்த டிரம் என்று எதைக் கொண்டுபோய் வைத்தாலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விலையைச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாகவே இருக்கும். அந்தப் பத்தாவதுதான் அவருடைய அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருபத்திரண்டு வருஷமாகக் கிடந்தது.

அது ஒரு பெடல் ஸ்டீல் கிட்டார். கிட்டார் என்றதும் மடியில் வைத்து வாசிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். நாலு கால் வைத்த மேசை மாதிரி நிற்கும். மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல், முழங்காலால் தள்ள நாலு நெம்புகோல். உட்கார்ந்துகொண்டு ஓர் உருளை இரும்புத் துண்டைக் கம்பிமேல் நகர்த்த வேண்டும். பெடலை மிதித்தால் கம்பி இழுபட்டு, சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும்.

அதை வாங்கியவர் அக்கா வீட்டுக்காரர், அதாவது கடைக்காரரின் அத்தான். வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. மூடிப்போன ஓட்டல் ஒன்றின் சாமான்களை மலிவாக விற்கிறார்கள் என்று ஃபிரிட்ஜ் வாங்கப் போனவர், இதன்மேல் ஒரு தரம் விரலை ஓட்டினாராம். அவ்வளவுதான், மனுஷர் விழுந்துவிட்டார். அன்றைக்கு அக்கா ஆடிய ஆட்டம் தெருவுக்கே தெரியும்.

அத்தான் அசரவில்லை. இரண்டு வாரம், வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து, தடவித் தடவி ஏதோ ஒரு பாட்டைப் பிடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்காரர் வந்து சேர்ந்தார். கடை திறந்து ஒரு மாதம், வயது முப்பது, தலையில் கனம் ஒரு மூட்டை! ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர்கள் பதினைந்து பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் குனிந்து பார்த்தார். முதல் கம்பியைவிட மூன்றாவது கம்பி மெல்லிசாக இருந்தது.

"அத்தான், உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. கம்பி வரிசையே தப்பு. மெல்லிசுல ஆரம்பிச்சு தடிப்புக்குப் போகணும், சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எவனோ உடைஞ்சதையெல்லாம் ஒட்டவெச்சு உங்க தலையில கட்டிட்டான்."

சொன்னதோடு விட்டாரா? கம்பிகளைக் கழற்றி, தான் நினைத்த வரிசையில் மாற்றிப் போட்டும் கொடுத்தார். அதற்குப் பிறகு பெடலை மிதித்தால் நாய் ஊளையிட்ட மாதிரி வந்தது. "பாத்தீங்களா, சரக்கே கோளாறு" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா தலையைத் தூக்காமலே, "துணியாவது தேய்க்கலாம்ல?" என்று கேட்டார். கூடமே வெடித்துச் சிரித்தது.

அன்று முதல் அவர் 'இஸ்திரி அத்தான்'. கல்யாண வீடோ, சாவு வீடோ, அவர் போவதற்கு முன்னால் அந்தப் பெயர் போய் உட்கார்ந்திருக்கும். அத்தானும் கூடவே சிரித்து வைப்பார். ஆனால் வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டவர் திரும்ப எடுக்கவில்லை. தானாகப் போய் எதையும் வாங்குவதையும் விட்டுவிட்டார்; சட்டைத் துணிகூட அக்கா எடுத்துக் கொடுப்பதுதான்.

இப்போது அத்தான் ஓய்வு பெற்றாயிற்று. சின்ன வீட்டுக்கு மாறப் போகிறார்கள். "வந்த விலைக்குத் தள்ளிவிடுடா" என்று அக்கா தம்பியைக் கூப்பிட்டிருந்தாள்.

கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே போர்வையை விரித்து, கடைக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டார். பல் தேய்க்கும் பிரஷால் அழுக்கை எடுக்க எடுக்க முகம் சுண்டியது. பெடலுக்கும் கம்பிக்கும் இணைப்பாக ஓடும் சின்னச் சின்ன ராடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. நெம்புகோல்கள் வெண்ணெய் மாதிரி அசைந்தன. பக்கத் தகட்டில் தயாரிப்பு எண் பளிச்சென்று இருந்தது. ஒட்டுப்போட்ட சரக்கு இப்படியா இருக்கும்? மாடிப்படிக்கு நழுவி, இந்த வாத்தியம் வாசிக்கிற ஒருவருக்குப் படங்களை அனுப்பிவிட்டுப் போன் செய்தார்.

"அடேயப்பா, அசல் சாமானுங்க! நானே எடுத்துக்கறேன்" என்று அவர் ஒரு விலை சொன்னார். கடைக்காரருக்குத் தலை சுற்றியது. போனில் இருந்தவர் மேலும் கேட்டார்: "மூணாவது கம்பிதானே எல்லாத்துலயும் மெல்லிசு?"

"இல்லைங்க, முதல் கம்பி."

"அய்யய்யோ! முதல் ரெண்டும் மூணாவதைவிடத் தடிப்பா இருக்கணுங்க. இதுக்கு வரிசையே அதுதான். அப்பதான் பெடல் சரியா இழுக்கும். எந்த முட்டாள் மாத்தினான்?"

"யாரோ... பழைய ஆளுங்க" என்றார் கடைக்காரர். வாய் கூசியது.

பூசி மெழுகிவிடலாம் என்றுதான் உள்ளே வந்தார். "அக்கா, இப்ப இதுக்குக் கிராக்கி ஏறிடுச்சு" என்று விலையைச் சொன்னார். அக்கா வாயைப் பிளந்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பழைய செய்தித்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்த அத்தான் கயிற்றைக் கீழே போட்டார்.

"தம்பி, வாங்கறவர்கிட்ட கம்பி விஷயத்தைச் சொல்லிட்டியா?"

"எந்த விஷயம் அத்தான்?"

"சரக்கு கோளாறுன்னு நீதானேப்பா சொன்னே? மறைச்சு வித்துடாதே. காசு கம்மியா வந்தாலும் பரவாயில்ல. நாளைக்கு அவர் வீட்டுலயும் நாலு பேர் சிரிப்பாங்க. அது ரொம்பக் கஷ்டம்ப்பா."

கடைக்காரர் அப்படியே போர்வையில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான், இதுல ஒரு கோளாறும் இல்ல. அசல் சாமான். வரிசை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அரைகுறையா எதையோ சொல்லி, நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேன். நீங்க ஏமாறவே இல்ல அத்தான்."

"பாவி!" என்று கத்தினாள் அக்கா. "இருபத்திரண்டு வருஷம்டா! எல்லாரும் சிரிச்சப்போ நானும் சேர்ந்துல்ல சிரிச்சேன்!" கத்திக்கொண்டே அழுதாள்.

அத்தான் கத்தவில்லை. கவிழ்ந்து கிடந்த வாத்தியத்தின் அருகே வந்து உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டு வாரமும் எனக்கு இனிப்பாத்தான் கேட்டுச்சு, தம்பி" என்றார். "நீ விஷயம் தெரிஞ்சவன், தப்புன்னு சொன்னதும் என் காதுதான் மட்டம்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் எந்தப் பாட்டையும் நல்லாருக்குன்னு நான் வாயைத் திறந்து சொன்னதே இல்ல."